தனி வளை

எலி சுத்தமான பிராணி ஐயா. தின்று முடித்ததும் பின்னங்காலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொள்ளும். மீசையை நீவிவிடும். எங்கள் வீட்டு ஆண்களைவிட எவ்வளவோ மேல். தினை எடுக்க அட்டாலிக்கு ஏறும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், என்னைக் கண்டதும் பதறி ஓடாது. முகம் துடைப்பதை முடித்துக்கொண்டுதான் நகரும்.

நீங்கள் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்த களைப்பு இன்னும் முகத்தில் இருக்கிறது. பிளேக் இன்ஸ்பெக்டர் ஒருவர் மலை மேல் குண்டூர் நாட்டில் எங்கள் ஊர் வரைக்கும் நடந்து வந்தது இதுதான் முதல் தடவை. அடிவாரத்தில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த வருஷத்தில் இங்கே ஒருவருக்குக்கூட நெறி கட்டவில்லையே, எப்படி என்று கேட்டீர்கள். எங்கள் ஊர்க்கவுண்டர் அப்பாசாமி உடனே என்னைக் கைகாட்டினார். “எல்லாம் இந்தக் கண்ணாயி கைராசிங்க” என்று சொல்லிவிட்டு, நீங்கள் தனியாக விசாரிக்க வசதியாக எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார். சொல்கிறேன். யாரும் குறுக்கே பேசாமல் நான் பேசி ரொம்ப நாளாகிறது. இதுவே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் வீடு ஒரே அறை. மேலே அட்டாலி, அதில் சாமையும் தினையும். கீழே மாமியார் அத்தாயி, என் வீட்டுக்காரர் கருப்பண்ணன், அவர் தம்பி ராசு, ராசுவின் பெண்டாட்டி பாப்பாத்தி, அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேர், பிறகு நான். மழை நாளில் ஆட்டுக்குட்டிகளும் சேர்ந்துகொள்ளும். மாமியார் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பார். என் வீட்டுக்காரர் பகலில் நடந்ததையெல்லாம் இன்னொரு தடவை சொன்னால்தான் தூங்குவார், நாங்கள் எல்லோரும் கூடவே நின்று பார்த்த விஷயமாக இருந்தாலும் சரி. பாப்பாத்தி அடுப்போடு பேசுவாள், உலையோடு பேசுவாள், கோழியிடம் நியாயம் கேட்பாள். “ஏஞ்சாமி, இன்னும் கொதிக்க மாட்டேங்கற?” என்று பானையைக் கொஞ்சுவாள்.

பாப்பாத்தியை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் வேறு மாதிரி நினைக்கக் கூடாது. எனக்குத் தலைவலி என்றால் கேட்காமலே வந்து நெற்றியைப் பிடித்துவிடுவாள். பிடித்துக்கொண்டே பேசுவாள். தலைவலி இரண்டு மடங்காகும். அது அவள் குற்றமில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவர்களுக்கு இந்த மலையில் தனி வீடு கட்டிக்கொடுக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்த்தேன்.

“ஏனுங்க, தனியா ஒரு குடிசை போட்டுக்கலாமுங்களா?”

“நமக்கென்ன புள்ளையா குட்டியா? ரெண்டு பேருக்கு எதுக்குடி தனி ஊடு?”

காதோடுதான் கேட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் காதோடு பேசினாலும் ஏழு பேருக்குக் கேட்கும். இருட்டிலிருந்து மாமியார் சொன்னார்: “எலி வளையானாலும் தனி வளை வேணும்பாங்க. அது எலிக்குச் சொன்னது கண்ணு, உனக்கில்ல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பேச்சுத்தானே, யாருக்கும் கோபமில்லை.

எலி பிடிப்பது வீட்டில் என் வேலை. எங்கள் ஊரில் மற்றவர்கள் கல்லை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். எலி தொட்டதும் கல் விழுந்து நசுங்கும். தரையெல்லாம் அசிங்கம். நான் வாய் குறுகிய பானையில் ஒரு பிடி சாமை போட்டு அட்டாலியில் வைப்பேன். எலி இறங்கும், ஏறத் தெரியாது. காலையில் பானை வாயைத் துணியால் கட்டிக் கொண்டுபோய்க் காட்டோரம் கவிழ்த்துவிடுவேன். அங்கே பருந்தும் பாம்பும் பார்த்துக்கொள்ளும். தூங்குகிறவர்களின் உள்ளங்காலை ஊதி ஊதிக் கடிக்கும் என்று எலியைக் குறை சொல்வார்கள். எனக்கென்னவோ அதுவும் ஒரு மரியாதை என்றுதான் படும்.

போன வருஷம் தை மாதம் அடிவாரத்தில் எலி செத்து விழத் தொடங்கியது. எலி விழுந்தால் பின்னாலேயே மனிதன் விழுவான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாட்டுப் பெரியவர்கள் கோயிலடியில் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். எந்த வீட்டில் காயமில்லாத எலி செத்துக் கிடக்கிறதோ அந்த வீட்டார் ஓடையைத் தாண்டிப் போய்க் கொல்லைக்காட்டில் குடிசை போட்டுக்கொள்ள வேண்டும். ஊருக்குள் வேறு யார் வீட்டுப் படியும் ஏறக் கூடாது. எலியைக் கையால் எடுத்தவர் மட்டும் கூடப் போகக் கூடாது. காய்ச்சல் வந்தால் அந்த ஒருவரோடு போகட்டும் என்று அவர் வீட்டிலேயே இருந்து எலியைக் கொளுத்தி, வேப்பிலைப் புகை போட்டு, செம்மண்ணும் சாணமும் குழைத்துத் தரை முழுக்கக் கனமாகப் பூச வேண்டும். தரைக்குள் இருக்கும் நஞ்சை அந்தப் பூச்சு உறிஞ்சிக்கொண்டு, காய்ந்து வெடிக்கும். வெடித்தால் நஞ்சு தீர்ந்தது, வீட்டுக்கு வரலாம். வெடிக்கும் வரை வரக் கூடாது. நீங்கள் கீழே மருந்து தெளிக்கிறீர்கள், நாங்கள் சாணம் பூசுகிறோம்.

சித்திரையில் எங்கள் அட்டாலி ஏணியடியில் ஒரு எலி செத்துக் கிடந்தது. நான்தான் பார்த்தேன், யோசிக்காமல் வாலைப் பிடித்துத் தூக்கியும்விட்டேன். இப்போது நினைத்தால் அது வயசாகிச் செத்த எலி. எலிக்கும் வயசாகும் அல்லவா. அன்றைக்கு அப்படி நினைக்க யாருக்கும் தைரியமில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று குழந்தை மாதிரி அழுதார். பாப்பாத்தி, “அக்கா, நானும் உங்கூட இருக்கறேன், என்னைய உடுங்க” என்று திமிறினாள். ராசு அவளை இழுத்துக்கொண்டு போனான். நானும் அழுதேன். சாகப் போகிறோம் என்றால் அழுகை வரத்தானே செய்யும்.

அன்று அக்குளைத் தடவிப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தேன். விடிந்தது. நெறி கட்டவில்லை, உடம்பு சுடவில்லை. வீட்டில் சத்தமே இல்லை. ஓலைக் கூரையில் ஒரு பல்லி நகர்வதுகூடக் கேட்டது. காலை நீட்டினேன், யார் மேலும் படவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன், அப்போதும் படவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது ஐயா. ஒண்டியாய்ப் படுத்துக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு நான் செய்ததையெல்லாம் கேட்டால் பைத்தியம் என்பீர்கள். பட்டப்பகலில் தூங்கினேன். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். களியை அடுப்பிலிருந்து நேராக எடுத்து, யாருக்கும் போடாமல், சட்டிக்குள்ளேயே கைவிட்டுத் தின்றேன். விளக்குமாற்றைத் தலைமாட்டில் வைத்தேன், ஏன் என்று கேட்க ஆளில்லை. நடுக்கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சுற்றினேன். சுற்றச் சுற்றத் தலை கிறுகிறுத்தது, வீடே ராட்டினமாகச் சுழன்றது, விழுந்தேன், எழுந்து மறுபடியும் சுற்றினேன். கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் அந்தக் கம்பத்தில் யாராவது ஒருவர் சாய்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

சித்திரை வெயில் பொல்லாதது. பூச்சு சீக்கிரமே வெடித்துவிட்டது. அந்த வெடிப்பைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன். அவர்கள் வந்து பார்த்தபோதும் அழுதுகொண்டிருந்தேன். “நாங்கதான் வந்துட்டமில்ல, அழுவாத கண்ணு” என்று மாமியார் என் தலையைத் தடவினார். காய்ச்சல் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது என்று ஊரே பேசியது. அப்போதுதான் கைராசி என்ற பேர் வந்தது.

ஆடியில் பானைக்குள் விழுந்த ஒரு எலியைக் கொண்டுபோய்க் கவிழ்க்க மறந்துவிட்டேன். வாய் கட்டியிருந்ததால் உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிட்டது. காயமே இல்லை. மறந்தேன் என்றா சொன்னேன்? சரி, மறக்கவில்லை. எடுத்து ஏணியடியில் வைத்தேன், வெளியே போய்த் திரும்பி வந்து பார்த்தேன், “அய்யோ, எலி செத்துக் கிடக்குதுங்க” என்று வாலைப் பிடித்துத் தூக்கினேன். ஒன்றைக் கவனியுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லை. எலி செத்துத்தான் கிடந்தது. எட்டுக்கை அம்மன் இருக்கிற மலை இது, பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும். நான் பொய் சொல்கிறவள் இல்லை.

மறுபடியும் அதே சந்தோஷம். இந்தத் தடவை பயமும் இல்லை, அதனால் இரட்டிப்பு. ஆனால் ஆடிக் காற்று தரையை ஒரு ஓரமாக வெளுக்க வைத்தது. என் கையில் சொம்பு இருந்தது. வாசலுக்குத் தெளிக்கிற தண்ணீர்தான், உள்ளே தெளித்தேன். பெண்பிள்ளை விடிந்ததும் வீட்டில் தண்ணீர் தெளிப்பதில் என்ன இருக்கிறது? சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஓடைக்கு அந்தப் பக்கம் பாறை மேல் ஏறி நின்று கூப்பிடுவார்.

“கண்ணாயி! தரை வெடிச்சுதா?”

“இல்லீங்க, ஈரந்தானுங்க!”

ஈரம்தான். தெளித்துவிட்டுத்தான் சொல்வேன், சொல்லிவிட்டுத் தெளித்ததில்லை. அந்தத் தடவை உப்பு தீர்ந்துபோனதால் காயவிட்டேன்.

இப்போது ஐப்பசி விஷயத்துக்கு வருகிறேன்.

பாப்பாத்திக்கு நிறைமாதம். பேறு வீட்டில் நடக்கும், அவளுடைய அம்மா ஆத்தாயி இதே மலையில் பைல் நாட்டிலிருந்து வந்து மாசக்கணக்கில் தங்குவாள், மூலையில் துணி கட்டி மறைப்பார்கள், அதற்குள் ஒரு குழந்தை ஓயாமல் அழும் என்று பேச்சாக இருந்தது. ஆத்தாயியின் குரலை நீங்கள் கேட்டதில்லை. கட்டிப்போட்ட மாடு அறுத்துக்கொண்டு ஓடும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அந்த அறையில் இனி எனக்கு ஒருக்களித்துப் படுக்கவும் இடமிருக்காது. அதனால் பேறுகாலத்துக்கு முன்னால் கடைசியாக ஒரே ஒரு தடவை என்று முடிவு செய்தேன். குடிகாரனும் அப்படித்தான் சொல்வான், எனக்குத் தெரியும்.

பானையில் எலி விழுந்தது. ஏணியடியிலும் விழுந்தது.

அவர்கள் கிளம்பும்போது மேகம் மூட்டமாக இருந்தது. பாப்பாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடையில் இறங்கினாள். திரும்பிப் பார்த்து, “அக்கா, வெரசாக் காய வெச்சுருங்க, எனக்கு நாள் நெருங்கிருச்சு” என்றாள். “ஆகட்டுங் கண்ணு” என்றேன். அது ஒன்றுதான் நான் சொன்னதில் கொஞ்சம் இடறுகிறது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. எங்கள் மலையில் ஐப்பசி மழை என்றால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். நான் தண்ணீர் தெளிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. தரை குழைந்த மாதிரியே கிடந்தது. பெரியவர்கள் தையில் கட்டுப்பாடு வைத்தபோது மழைக்காலத்தை யோசிக்கவில்லை போல. என் வீட்டுக்காரர் பாறைக்கு வந்து கேட்பார், நான் பதில் சொல்வேன், அவர் நனைந்துகொண்டே திரும்பிப் போவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு கம்பத்தைச் சுற்றுவேன். வெளியே மழை, உள்ளே நான் ஒருத்தி. இதைவிட உலகத்தில் என்ன வேண்டும்? ராணிகள்கூட இப்படி இருந்திருக்க மாட்டார்கள், அவர்களுக்குப் பணிப்பெண்கள் தொல்லை உண்டு.

ஒருநாள் மழை விட்டுச் சுரீரென்று வெயில் அடித்தது. கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். அடுப்புச் சூடும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது. பொழுது சாயும்போது ஏணியடியில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கம்பம் வரைக்கும் ஓடியது.

அப்போது ஓடைப் பக்கம் ராசுவின் குரல் கேட்டது. “அண்ணி! அண்ணி!” என்று கத்திக்கொண்டு ஓடி வந்தான். பாறையோடு நிற்கவில்லை, தண்ணீரில் இறங்கி இந்தப் பக்கமே ஏறிவிட்டான். ஓடையிலிருந்து எங்கள் வாசலுக்கு மேட்டில் ஏறி வர வேண்டும். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது ஐயா, பதட்டத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர்ப் பானையைத் தூக்கி ஏணியடியிலிருந்து வாசற்படி வரைக்கும் ஊற்றினேன். தெளிக்கவில்லை, ஊற்றினேன். உள்ளங்கையால் தேய்த்து வெடிப்பை மூடினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

“அண்ணி, பாப்பாத்திக்கு வலி வந்துருச்சுங்க. குடிசைக்குள்ள தண்ணி ஓடுது, அடுப்புப் பத்த மாட்டேங்குது. தரை வெடிச்சிருந்தாச் சொல்லுங்க, தூக்கிட்டு வந்தர்றேன்.”

“நீயே பாரு சாமி” என்று விலகி நின்றேன்.

படிக்கு வெளியே நின்றபடி எட்டிப் பார்த்தான். தரை பளபளவென்று மின்னியது. வாசலிலேயே குந்திவிட்டான்.

“ஒரு ஓரமாச்சும் காஞ்சிருக்காதுங்களா அண்ணி?”

“ஈரந்தான் சாமி.”

“நஞ்சு எறங்காத ஊட்டுக்கு வயித்துப்புள்ளக்காரியத் தூக்கியாந்து நானே கொல்லறதா?” என்று தலையில் அடித்துக்கொண்டான். அவனாகத்தான் எழுந்தான், அவனாகத்தான் திரும்பி ஓடினான். பெண்டாட்டியைக் காப்பாற்றத்தான் ஓடினான். நான் போ என்று சொல்லவில்லை.

இருட்டும் நேரத்தில் மறுபடியும் மழை. அதற்கு நடுவில் பாப்பாத்தி கூப்பிடுவது கேட்டது. வலியில் எல்லோரும் அம்மாவைக் கூப்பிடுவார்கள். இவள் “அக்கா, அக்கா” என்றாள். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கதவை இன்னும் நன்றாகச் சாத்தினேன். சட்டியில் இருந்த களியைத் தின்றேன். படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் பார்த்தால் பாப்பாத்தி இல்லை. குளிரில் விறைத்து, உதிரம் நிற்காமல் போய்விட்டாள் என்றார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது, பெண் குழந்தை. என் மாமியார் அதைத் தன் ரவிக்கையில்லாத மார்போடு சேர்த்து அணைத்து விடியும் வரை சூடு கொடுத்திருக்கிறார். அடுத்து வெயில் வந்ததும் தரையைக் காயவிட்டேன். எல்லோரும் வந்தார்கள்.

ஆத்தாயி வந்து மண்ணை வாரித் தூற்றினாள். வேண்டுமென்றே ஈரம் என்று சொல்லியிருப்பாள், பிள்ளையில்லாத பொறாமை என்றாள். பாருங்கள், எவ்வளவு தப்பான பேச்சு. பொறாமை எனக்குக் கடுகளவும் கிடையாது. அப்பாசாமி கவுண்டர் என்னை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கற்பூரம் ஏற்றினார்.

“ராசு கேக்கறப்ப தரை ஈரமா இருந்துச்சா கண்ணாயி?”

“ஈரமா இருந்துச்சுங்க.”

கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தேன். நாக்கு இதோ, நன்றாகத்தான் இருக்கிறது. ராசுவும் பார்த்தேன் என்று சொன்னான். ஆத்தாயி என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். அழுதுகொண்டே, பேத்தியை வளர்க்க இங்கேயே தங்கிவிடுகிறேன் என்றும் சொன்னாள்.

இதற்கு மேல்தான் வேடிக்கை. குழந்தையை என் மடியில் போட்டார் மாமியார். “உனக்குன்னு ஒண்ணு வந்துருச்சு கண்ணு” என்றார். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “புள்ள வந்துருச்சு, இனித் தையில தனி ஊடு போட்டுருவோம்” என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்தோஷத்தில் சிரிக்கிறேன் என்று நினைத்தார்கள். போட்டும்விட்டார், அதோ தெரிகிறதே, புதுக்கூரை, அதுதான். அதில் அவர், நான், குழந்தை, அம்மாவைக் காணோம் என்று என் முந்தானையை விடாத பெரிய பிள்ளைகள் இரண்டு பேர், ஆத்தாயி. குழந்தைக்கு ஆட்டுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, விடிய விடிய அழுகிறது. ஆத்தாயி தாலாட்டுகிறாள். அழுகையே தேவலை.

நீங்கள் என்னைக் கீழே கூட்டிப்போய், எலி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மற்ற ஊர்ப் பெண்களுக்குச் சொல்லச் சொல்லப் போவதாகக் கவுண்டர் சொன்னார். வேண்டாம் ஐயா. கூட்டமாக இருக்கும். எங்கள் ஊருக்கு நோய் வராததற்குக் காரணம் நான் இல்லை, நோய் மலை ஏறவே இல்லை, அவ்வளவுதான். இங்கே விழுந்த எலிகளில் ஒன்று கிழம், மற்றவை நான் போட்டவை. பாப்பாத்தியைக் கொன்றது நான். இதை எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே சொல்லிவிடுங்கள்.

ஏன் முகம் இப்படி வெளுத்துவிட்டது? தண்ணீர் தரட்டுமா? அவள் செத்துப்போவாள் என்று தெரிந்துதான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை. சத்தியமாக அந்தப் பயம் எனக்கு வரவே இல்லை. நல்லபடியாகப் பெற்றெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாளே என்றுதான் பயந்தேன்.

ஒன்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கொலை செய்தவர்களை ஜெயிலில் ஒவ்வொருவராகத் தனி அறையில் போடுவார்களாமே, நிஜமா? பக்கத்தில் யாரும் பேசக் கூடாதாமே? கதவை வெளியிலிருந்து பூட்டுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். யாரும் உள்ளே வர முடியாது என்றால், எந்தப் பக்கம் பூட்டினால் எனக்கென்ன ஐயா.